சூடும் ஈரமும் புல்லும்: மேற்குத்தொடர்ச்சி மலைப் புல்மேடுகளின் மண் நுண்ணுயிர்கள்

காட்டாக்கடையிலிருந்து கிழக்கே போகப் போக நிலம் அகத்தியமலையாக உயர்கிறது. அந்த மலையில் பிறக்கும் நெய்யாறு, நெய்யாற்றின்கரையைத் தொட்டு ஓடிப் பூவாற்றில் கடல் சேர்கிறது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லையோரச் சிற்றூர்களில் நிலம் என்றால் விளைதான்: ரப்பர், தென்னை, வாழை, மரச்சீனி. இயற்கையான புல்வெளி இங்கே இல்லை. வரப்பிலும் கால்வாய்க் கரையிலும் ரப்பர் வெட்டிய வெறும் விளையிலும் முளைப்பதுதான் புல். பரந்த புல்மேட்டைப் பார்க்க மலை ஏற வேண்டும். திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி இருக்கிறது. வடக்கே போனால் இரவிகுளம், பழனிமலை, நீலகிரி.

காட்டாக்கடைச் சட்டமன்றத் தொகுதியில் ‘கார்பன் நியூட்ரல் காட்டாக்கடை’ என்றொரு திட்டம் நடக்கிறது. தொகுதி வெளியிடும் கரிமத்தையும் உள்வாங்கும் கரிமத்தையும் சமப்படுத்துவது நோக்கம். இப்படிப்பட்ட பேச்சு எங்கே எழுந்தாலும் நம் நினைவுக்கு முதலில் வருவது மரம். மண் நினைவுக்கு வருவது அரிது. புல்வெளி மண் அதனினும் அரிது. ஆனால் உலக மண்ணின் மேல் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் இருக்கும் அங்ககக் கரிமம் சுமார் ஒன்றரை லட்சம் கோடி டன். வளிமண்டலத்தில் இருப்பதையும் எல்லாத் தாவரங்களிலும் இருப்பதையும் கூட்டினாலும் அதற்குக் குறைவே. அந்தக் கரிமம் மண்ணில் தங்குவதும் காற்றுக்குப் போவதும் பெரிதும் நுண்ணுயிர்களின் கையில் இருக்கிறது.

பூமி சூடாகும்போது புல்வெளி மண்ணின் நுண்ணுயிர்கள் என்ன செய்யும்? கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஓக்லஹோமா முதல் ஐஸ்லாந்து வரை, ஸ்பிதி முதல் நீலகிரி வரை இந்தக் கேள்விக்கு விடை தேடப்பட்டிருக்கிறது. கிடைத்த விடைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: சூட்டை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. சூட்டோடு ஈரமும், ஈரத்தோடு மேலே நிற்கும் செடியும் சேர்ந்துதான் நுண்ணுயிரின் போக்கைத் தீர்மானிக்கின்றன.

புல்வெளிக்கு ஏன் தனிக் கவனம்?

கிரீன்லாந்தையும் அண்டார்க்டிகாவையும் விட்டுவிட்டால் உலக நிலப்பரப்பில் சுமார் 40 விழுக்காடு ஏதோ ஒரு வகைப் புல்வெளி. காட்டில் கரிமத்தின் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியும் அடிமரத்திலும் கிளையிலும் இருக்கும். புல்வெளியில் அது மண்ணுக்குள், வேரிலும் வேரைச் சுற்றிய மக்கிலும் இருக்கிறது. தீப்பிடித்தால் மரத்தின் கரிமம் சில மணி நேரத்தில் காற்றில் கலந்துவிடும். புல்லின் மேற்பகுதி எரிந்தாலும் அடியிலிருக்கும் இருப்பு பெரும்பாலும் தப்பிவிடும்.

ஒரு கிராம் நல்ல மண்ணில் நூறு கோடிக்கு மேல் பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். அவற்றோடு பூஞ்சைகள், ஆர்க்கியா, இவற்றைத் தின்னும் ஒருசெல் உயிர்கள். உழவர்களுக்கு இவற்றில் சில பாக்கெட்டில் வரும் பெயர்களாகவே பழக்கம்: ரைசோபியம், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, வேர்ப்பூஞ்சையான ‘வேம்’. புல்மேட்டில் இவை யாரும் இடாமலேயே வேலை செய்கின்றன. புல், தான் செய்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியே கசியவிடுகிறது. வேர்ப்பூஞ்சை அதை வாங்கிக்கொண்டு, வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரசைக் கொண்டுவந்து தருகிறது. மற்ற நுண்ணுயிர்கள் சருகையும் செத்த வேரையும் செரிக்கின்றன.

நுண்ணுயிர் தின்னும் கரிமம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு அதன் உடலாகிறது. மறுபங்கு மூச்சாக, கரியமில வாயுவாக வெளியேறுகிறது. உடலான பங்கு நுண்ணுயிர் செத்த பிறகும் வீணாவதில்லை. செல்சுவரின் துண்டுகள் களிமண் துகளிலும் இரும்பு ஆக்சைடிலும் ஒட்டிக்கொண்டு பல ஆண்டுகள், சில நேரம் நூற்றாண்டுகள்கூடத் தங்கிவிடும். 2019-இல் வெளியான ஒரு மதிப்பீடு, புல்வெளி மேல்மண்ணின் அங்ககக் கரிமத்தில் 60 விழுக்காட்டுக்கும் மேல் இப்படிச் செத்த நுண்ணுயிர்களின் எச்சமே என்றது. ஆகவே நுண்ணுயிரைக் கரிமத்தைக் கரைக்கும் உயிராக மட்டும் பார்ப்பது பாதி உண்மை. கரிமத்தைச் சேர்த்து வைப்பதும் அதுதான். தின்றதில் எவ்வளவு உடலாகிறது, எவ்வளவு மூச்சாகிறது என்ற விகிதம் மாறினால் மண்ணின் இருப்பே மாறும்.

சூடு கூடினால்

பொதுவாக, வெப்பம் 10 டிகிரி கூடினால் மண்ணின் மூச்சு ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பழைய பாடம். அப்படியானால் பூமி சூடாக ஆக நுண்ணுயிர்கள் கூடுதலாகக் கரியமில வாயு விட, அதனால் பூமி இன்னும் சூடாகும் என்ற சுழல் பிடித்துக்கொள்ளும். இந்த அச்சத்தைச் சோதிக்க அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், உயரப்புல் வெளி ஒன்றில் 1999-இல் அகச்சிவப்பு விளக்குகளைத் தொங்கவிட்டு மண்ணைச் சுமார் 2 டிகிரி சூடாக்கினார்கள். 2001-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த முடிவு பலரை வியக்கவைத்தது. மண்ணின் மூச்சு எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. சூட்டுக்குப் பழகிக்கொண்டதுபோல் இருந்தது.

ஏன் என்ற கேள்விக்கு அதே வயலில் 2012-இல் ஒரு பதில் கிடைத்தது. சூடான மண்ணில், எளிதில் செரிக்கும் கரிமத்தைக் கரைக்கும் மரபணுக்கள் பெருகியிருந்தன. கடினமான, பழைய கரிமத்தைக் கரைக்கும் மரபணுக்கள் அப்படிப் பெருகவில்லை. நுண்ணுயிர்கள் புதுச்சருகைத் தின்று, பழைய இருப்பில் கை வைக்காமல் இருந்தன. இது ஆறுதலான செய்தி. ஆனால் பக்கத்திலேயே 3 டிகிரி சூடாக்கி ஏழு ஆண்டுகள் நடத்திய அடுத்த சோதனையின் முடிவு, 2022-இல் வெளிவந்தபோது, வேறொரு பக்கத்தைக் காட்டியது. பாக்டீரியா வகைகள் 9.6 விழுக்காடும், பூஞ்சை வகைகள் 14.5 விழுக்காடும், ஒருசெல் உயிர் வகைகள் 7.5 விழுக்காடும் குறைந்திருந்தன. மண் காய்ந்துபோனது அதில் பெரும் பங்கு வகித்தது. சூடாக்கியது மண்ணை உலர்த்தியும் விட்டது. இயற்கையிலும் அப்படித்தான் நடக்கிறது.

ஐஸ்லாந்தில் இயற்கையே ஒரு சோதனையை நடத்திக்கொடுத்தது. 2008 மே மாதம் நடந்த நிலநடுக்கத்தில் நிலத்தடி வெந்நீர் தடம் மாறியதால், குளிர்ந்து கிடந்த புல்வெளி ஒன்றின் மண் அடியிலிருந்து சூடானது. அருகிலேயே ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சூடாக இருக்கும் புல்வெளியும் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டவர்கள் 2018-இல் சொன்னது: நுண்ணுயிர்கள் சூட்டுக்குப் பழகி அடங்கிவிடவில்லை. ஒவ்வொரு நுண்ணுயிரும் வேகமாகவே தின்றுகொண்டிருந்தது. தீனி குறைந்ததால் மொத்த நுண்ணுயிர்த் திரள்தான் சிறுத்துவிட்டது. 2022-இல் வந்த இன்னொரு ஆய்வு, சூடான மண்ணின் பாக்டீரியாக்கள் தங்கள் உடலுக்குள் புரதம் செய்யும் ரைபோசோம்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டதைக் கண்டது. சூட்டில் ஒவ்வொரு ரைபோசோமும் வேகமாக வேலை செய்வதால் குறைந்த எண்ணிக்கையே போதும். மிச்சமான வளத்தை வேறு வேலைக்குத் திருப்பலாம்.

மூச்சு அடங்கியது என்று வெளியே தெரிவதற்குப் பின்னால் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்க முடியும்: பழக்கம், பட்டினி, மண்ணின் உலர்ச்சி. எது உண்மைக் காரணம் என்பதைப் பொறுத்து எதிர்காலக் கணிப்பும் மாறுகிறது. பட்டினியால் அடங்கியது என்றால் இழக்க வேண்டிய கரிமத்தை மண் ஏற்கெனவே இழந்துவிட்டது என்று பொருள்.

மழை தப்பினால், ஒருசேரப் பெய்தால்

நம் பக்கத்து மலைகளுக்கு இந்தப் பகுதிதான் மிக முக்கியம். திருவனந்தபுரமும் கன்னியாகுமரியும் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), துலாமழை (வடகிழக்குப் பருவமழை) இரண்டையும் பெறும் நிலங்கள். இடையில் கோடைமழை. மண் காய்வதும் நனைவதும் ஆண்டுக்குப் பலமுறை நடக்கிறது.

காய்ந்த மேட்டில் முதல் கோடைமழை விழும்போது எழும் மண்வாசனையில் நுண்ணுயிர்களுக்குப் பங்குண்டு. ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைப் பாக்டீரியாக்கள் செய்யும் ஜியோஸ்மின் என்ற பொருள், துளிகள் மண்ணில் மோதும்போது காற்றில் கலக்கிறது. அதே நேரம் வாசனையில்லாத இன்னொன்றும் வெளியேறுகிறது. காய்ந்தபோது செத்த நுண்ணுயிர்களின் உடல்கள், தப்பியவை உயிர்காக்கச் செல்லுக்குள் சேர்த்து வைத்த சர்க்கரைகள், உடைந்த மண்கட்டிகளுக்குள் அகப்பட்டிருந்த மக்கு, இவை எல்லாம் ஒரே நேரத்தில் தீனியாகின்றன. சில மணி நேரத்துக்குள் மண்ணின் மூச்சு பல மடங்கு ஏறி, சில நாட்களில் தணிகிறது. கிழக்கு ஆப்பிரிக்க மண்களை வைத்து இதை விரிவாகக் காட்டியவர் எச். எஃப். பர்ச், ஆண்டு 1958. இன்றும் அவர் பெயரால்தான் இந்த விளைவு அறியப்படுகிறது.

மழை பல சிறு தவணைகளாகப் பெய்தால் இந்த ஏற்றமும் சிறிதாக இருக்கும். நீண்ட வறட்சிக்குப் பிறகு கொட்டித் தீர்த்தால் பெரிதாகும். கேரளம் இரண்டு துருவங்களையும் அடுத்தடுத்துக் கண்டது. 2016-இல் தென்மேற்குப் பருவமழை 34 விழுக்காடும் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடும் குறைந்து, மாநிலமே வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2018 ஜூன் முதல் ஆகஸ்ட் 19 வரை பெய்த மழையோ வழக்கத்தைவிட 42 விழுக்காடு கூடுதல். வெள்ளம் வடிந்த கையோடு வயநாட்டில் மண்புழுக்கள் கூட்டமாகத் தரைக்கு வந்து செத்தது செய்தியானது. மண்புழு நுண்ணுயிர் அல்ல. ஆனால் அதன் குடலும் கழிவும் நுண்ணுயிர்களின் இருப்பிடம்.

வறட்சியில் எல்லா நுண்ணுயிரும் ஒன்றுபோல் அடிவாங்குவதில்லை. பிரிட்டிஷ் புல்வெளிச் செடிகளையும் மண்ணையும் வைத்து நடந்த சோதனை ஒன்றின் முடிவு 2018-இல் வெளிவந்தது. பூஞ்சைகளுக்கிடையேயான உறவுப் பின்னல் வறட்சியைத் தாங்கியது. பாக்டீரியாக்களுடையது எளிதில் குலைந்தது. மழை வந்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. வறட்சியில் எந்தச் செடி மேலோங்கியதோ அது அடியிலிருந்த பாக்டீரியாக்களையும் மாற்றிவிட்டிருந்தது.

இங்கே நம் மண்ணின் குணமும் சேர்கிறது. கேரளத்தின் பெரும்பகுதி வெட்டுக்கல் மண். புளிப்புத்தன்மை மிகுந்தது, பாஸ்பரசை இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட மண்ணில் வேர்ப்பூஞ்சை இல்லாமல் புல்லுக்குப் பாஸ்பரஸ் கிடைப்பது கடினம். பூஞ்சையைக் குலைக்கும் எதுவும் இங்கே புல்லையும் குலைக்கும்.

காற்றில் கரியமில வாயு கூடினால்

காலநிலை மாற்றத்தின் இன்னொரு முகம் இது. கூடுதல் கரியமில வாயு கிடைத்தால் செடி கூடுதலாக வளர்ந்து, மண்ணுக்கும் கூடுதலாகக் கொடுக்கும் என்ற எதிர்பார்ப்பு உண்டு. உலகின் பல சோதனைகளைத் தொகுத்து 2021-இல் ‘நேச்சர்’ வெளியிட்ட ஆய்வு, புல்வெளி மண்ணின் கரிமம் சுமார் 8 விழுக்காடு கூடியதையும் காட்டு மண்ணில் ஏற்றமே இல்லாததையும் காட்டியது. மரம் தன் உடலை வளர்க்கச் சத்து தேடி மண்ணின் மக்கைக் கரைக்கிறது. புல் வேரில் போடுகிறது.

ஆனால் எல்லாப் புல்லும் ஒன்றல்ல. நம் மலைப் புல்மேடுகளில் ஓங்கி நிற்பவை பெரும்பாலும் சி4 எனப்படும் ஒளிச்சேர்க்கை வகை. கரியமில வாயு கூடுவதால் இவற்றுக்குப் பெரிய பயன் இல்லை என்பதே பாடநூல் கருத்து. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சீடர் கிரீக் சோதனை வயலில் இருபது ஆண்டுகள் பொறுத்துப் பார்த்தவர்கள் 2018-இல் அதைத் திருத்தினார்கள். முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பாடநூல் சொன்னபடியே மற்ற வகையான சி3 புற்கள்தாம் கூடுதலாக வளர்ந்தன. பிறகு நிலைமை தலைகீழாகி, சி4 புற்கள் முந்தின. மண்ணில் நைட்ரஜனை விடுவிக்கும் நுண்ணுயிர் வேலை இரண்டு வகைப் புல்லடியிலும் வெவ்வேறாக மாறியது ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். பத்தாண்டில் சோதனையை மூடியிருந்தால் நேர் எதிரான முடிவைத்தான் உலகம் நம்பியிருக்கும்.

மேய்ச்சல்

சூடு, ஈரம், காற்று தவிர மேயும் விலங்கும் புல்வெளி மண்ணை மாற்றுகிறது. இமயத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் இந்திய அறிவியல் கழகத்தின் சுமந்த பாக்சி குழுவினர் வேலியடைத்த நிலத்தையும் மேயவிட்ட நிலத்தையும் 2006 முதல் 16 ஆண்டுகள் ஒப்பிட்டார்கள். மேய்ச்சல் நின்ற இடத்தில் மண் கரிமத்தின் ஆண்டுதோறுமான ஏற்ற இறக்கம் 30 முதல் 40 விழுக்காடு அதிகமாக இருந்தது. மேயும் விலங்கு மண்ணின் கரிமத்தை நிலைப்படுத்துகிறது என்பதே 2022-இல் வெளியான முடிவு. அடுத்து அவர்கள் காட்டு விலங்கு மேயும் மண்ணையும் வளர்ப்பு விலங்கு மேயும் மண்ணையும் ஒப்பிட்டபோது, வளர்ப்பு விலங்குகளின் மண்ணில் கரிமம் குறைவாகவும் நுண்ணுயிர்கள் வேறாகவும் இருந்தன. மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடும் டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் சாணம் வழியே மண்ணுக்குப் போவது அதற்கான காரணங்களில் ஒன்றாகச் சுட்டப்பட்டது. வரையாடு மேயும் இரவிகுளத்துக்கும் எருமை மேய்ந்த நீலகிரிக்கும் இந்தக் கேள்வி அப்படியே பொருந்தும்.

நம் மலைகள் சொல்வது

மேற்குத்தொடர்ச்சி மலையில் சோலைக்காடுகளை ஒட்டி நிற்கும் புல்வெளிகள் அழிந்த காட்டின் மிச்சம் என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. அதைத் தகர்த்த சான்றுகளில் ஒன்று நுண்ணுயிர்கள் வேலை செய்ய முடியாத இடத்திலிருந்து வந்தது. நீலகிரியின் சதுப்புகளில் நீர் நின்று காற்றுப் போகாததால் சருகு முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்திருந்தது. அதில் உள்ள கரிமத்தின் ஐசோடோப்புகளை அளந்து, ஆர். சுகுமாரும் உடன் ஆய்ந்தவர்களும் 1993-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், இம்மலைகள் வறண்டிருந்தன. சி4 புற்கள் ஓங்கியிருந்தன. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தது. புல் மனிதன் வெட்டிய காட்டில் வந்து குடியேறியதல்ல, பல்லாயிரம் ஆண்டுப் பழமை கொண்டது. அதன் அடியிலிருக்கும் மண்ணும் அப்படியே.

சூடாக்கும் சோதனையும் நீலகிரியில் நடந்திருக்கிறது. விளக்கு தொங்கவிட மின்சாரம் இல்லாத இடங்களில் ஒளிபுகும் தகடுகளைச் சாய்வாக நட்டு, மேலே திறந்த கூண்டு செய்வது வழக்கம். வெயில் உள்ளே வரும்; காற்று வீசிச் சூட்டைக் கொண்டுபோக முடியாது. கூண்டுக்குள் ஒரு குழாய் வளையத்தை மண்ணில் பதித்து, அதன்மேல் கருவியைக் கவிழ்த்தால் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு கரியமில வாயு ஏறுகிறது என்று தெரியும். இன்னொரு வளையத்தை வேர் புகாதபடி ஆழமாக இறக்கினால் வேரின் மூச்சு நீங்கி, நுண்ணுயிர்களின் மூச்சு மட்டும் கிடைக்கும். யாதுகிரி திருவாய்மொழியும் மகேஷ் சங்கரனும் இப்படிப்பட்ட கூண்டுகளையும் வேர்த்தடுப்பையும் வைத்துச் செய்த ஆய்வு 2019-இல் வந்தது. மண்ணின் மூச்சில் பெரும்பகுதி வேருடையது அல்ல, மக்கைச் செரிக்கும் உயிர்களுடையது. சூடாக்கியதும் அந்த மூச்சு கூடியது. ஓக்லஹோமாவின் ஆறுதல் நமக்குத் தானாக வந்துசேரும் என்று நம்புவதற்கு இடமில்லை.

அடுத்தது உறைபனி. நீலகிரியின் குளிர்கால இரவுகளில் திறந்த புல்மேட்டில் விழும் உறைபனி சோலை மரக்கன்றுகளைக் கருக்கிவிடுகிறது. அதுவே புல்லுக்கும் சோலைக்கும் நடுவே வேலியாக நிற்கிறது. பூமி சூடாகிக் குளிர் தணிந்தால் வேலி தளரும். அயல்மரங்களோ அந்த வேலியை ஏற்கெனவே தாண்டிவிட்டன. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொண்டுவந்த சீகை மரமும் யூக்கலிப்டசும், பின்னர் பைனும் பெருந்தோட்டங்களாயின. செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-இல் வெளியான ஆய்வின்படி, பழனிமலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் மரத்தோட்டத்துக்கும் வேளாண்மைக்கும் போய்விட்டது.

நுண்ணுயிர் நோக்கில் சீகை வெறும் நிழல்தரும் மரமல்ல. அதன் வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. நைட்ரஜன் குறைந்த மண்ணுக்குப் பழகிய மலைப்புல்லுக்கும் அதன் வேர்ப்பூஞ்சைகளுக்கும் அது பாதகம். மரத்தை வெட்டி அகற்றினாலும் மாறிய மண் உடனே திரும்புவதில்லை. சீகை வெட்டிய இடத்தில் புல்லுக்குப் பதில் சீகைக் கன்றே கூட்டமாக முளைப்பதைக் கொடைக்கானல் பக்கத்தில் யாரும் பார்க்கலாம். வெப்பம் ஆண்டுக்கு ஆண்டு சிறு அளவில் மாற்றுவதை, ஒரு தலைமுறைத் தோட்டம் ஒரேயடியாக மாற்றிவிடுகிறது.

எதை எவ்வளவு நம்பலாம்

உலகக் கணக்கில் கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. 2016-இல் 49 களச்சோதனைகளைத் தொகுத்தவர்கள், கரியமில வாயு வெளியீடு இப்படியே போனால் 2050-க்குள் மண்ணிலிருந்து சுமார் 5,500 கோடி டன் கரிமம் போய்விடக்கூடும் என்றார்கள். இழப்பு குளிர்நாட்டு மண்களில்தான் அதிகம் என்றும் சொன்னார்கள். இரண்டே ஆண்டில் மேலும் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த வேறொரு குழு, அந்தக் கணக்கு அவ்வளவு உறுதியாக இல்லை என்று மறுத்தது. இரு தரப்பின் தரவும் பெரும்பாலும் மிதவெப்ப, குளிர்நாடுகளிலிருந்து வந்தவை. ஆண்டு முழுவதும் வெயிலும், இரு பருவமழையும், புளிப்புத்தன்மை மிகுந்த வெட்டுக்கல் மண்ணும், சி4 புல்லும் ஒருங்கே அமைந்த இடத்துக்கு அவற்றின் எண்களை அப்படியே எடுத்துப்போட முடியாது.

எண்கள் மாறினாலும் மூன்று செய்திகளில் சோதனைகள் பெரிதும் ஒத்துப்போகின்றன. ஈரம் மாறாமல் சூடு மட்டும் மாறுவது அரிது. அதனால் உலர்ச்சியும் திடீர் நனைவும் சேர்ந்தே நுண்ணுயிர்களைப் பாதிக்கின்றன. மேலே எந்தச் செடி நிற்கிறது என்பது அடியில் யார் வாழ்கிறார்கள் என்பதை வெப்பத்துக்கு இணையாகவோ அதைவிடக் கூடுதலாகவோ முடிவு செய்கிறது. மூன்று நான்கு ஆண்டுச் சோதனை தவறான விடையையும் தரக்கூடும்.

இவற்றிலிருந்து நம் பக்கத்துக்கு நேரடியான முடிவுகள் வருகின்றன. முதலாவது, கரிமம் சேர்க்கிறோம் என்று புல்மேட்டில் மரம் நடக்கூடாது. பொன்முடிச் சரிவு வெற்றிடம் அல்ல. மரம் நடுவதற்கு ரப்பரைக் கைவிட்ட விளைகளும் சாலையோரங்களும் கீழே இருக்கின்றன. கேரளம் 2021-இல் சூழல் மீட்புக் கொள்கையையும் தமிழ்நாடு 2022-இல் அயல் தாவரங்கள் குறித்த கொள்கையையும் கொண்டுவந்தன. அவற்றின் வெற்றியை அகற்றிய மரத்தின் டன் கணக்கால் அளந்தால் போதாது. புல்லும் அதன் வேர்ப்பூஞ்சையும் திரும்பினவா என்பதே அளவுகோல்.

இரண்டாவது, நீண்டகால அளவீடு. திருவனந்தபுரம் பரோட்டுக்கோணத்து மண் அருங்காட்சியகத்தில் கேரளத்தின் 82 மண்வகைகளின் குறுக்குவெட்டுகள் நிற்கின்றன. பாலோட்டில் வெப்பமண்டலத் தாவரத் தோட்டமும் ஆய்வு நிறுவனமும் இருக்கின்றன. நுண்ணுயிரியத்துக்கென்றே மாநில அரசு உயர்திறன் மையம் ஒன்றைத் திருவனந்தபுரத்தில் அமைத்திருக்கிறது. ஆள், கருவி, இடம் மூன்றும் ஒரே மாவட்டத்தில் இருக்கும்போது, பொன்முடியில் சில வளையங்களைப் பதித்து இருபது ஆண்டுகள் விடாமல் அளப்பது பெரிய செலவல்ல. கடினம் பணத்தில் இல்லை. மூன்றாண்டுத் திட்ட நிதி முடிந்ததும் வளையத்தைப் பிடுங்காமல் இருப்பதில்தான்.

மூன்றாவது, கீழே உள்ள விளைகள். மண்ணை வெயிலில் காயவிடாமல் மூடி வைப்பது, ரப்பர் வரிசைகளுக்கிடையே களைக்கொல்லி அடித்து வெறுந்தரையாக்காமல் புல்லை வெட்டி விடுவது, கோடையில் தீயிடாமல் இருப்பது ஆகிய மூன்றும் மலைச் சோதனைகள் சொல்லும் பாடத்தையே கீழ்நிலத்தில் செயல்படுத்துகின்றன. வெப்பத்தை ஒரு பஞ்சாயத்தால் குறைக்க முடியாது. ஈரத்தையும் நிலப்போர்வையையும் காப்பது அதன் கைக்குள் இருக்கிறது. நுண்ணுயிர்கள் எந்தப் பக்கம் சாயும் என்பதில் அவை இரண்டுக்கும் வெப்பத்துக்குச் சமமான பங்கு உண்டு என்பதால், கரிமச் சமநிலை பேசும் எந்தத் திட்டமும் மண்ணையும் புல்லையும் கணக்கில் சேர்த்தே தொடங்க வேண்டும்.